சாரலை நம்பிப் பிழைத்த தேரை

கேள்வி இதுதான்: "டான்சானியாவில் மின்சாரத்துக்காக ஓர் அணை கட்டியதால் ஒரு தேரை இனமே காட்டிலிருந்து அழிந்துபோனது என்கிறார்களே, உண்மையா? அருவி வற்றினால் பக்கத்துக் காட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளாதா? இல்லை, குழாய் போட்டுத் தண்ணீர் தெளித்தால்தான் போதாதா?"

உண்மைதான். பக்கத்துக் காட்டுக்குப் போக அதனால் முடியவில்லை. குழாய் போட்டும் பார்த்தார்கள், இரண்டு வருஷம் நன்றாகவே வேலை செய்தது, அப்புறம் எல்லாம் ஒரே வருஷத்தில் சரிந்தது. இதை விரிவாகச் சொன்னால்தான் புரியும், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது கிஹான்சி சாரல் தேரையைப் பற்றி. அறிவியல் பெயர் நெக்டோஃப்ரினாய்டிஸ் ஆஸ்பெர்ஜினிஸ். பெயரின் பின்பாதி லத்தீனில் சாரலைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது, பெயர் வைத்தவர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் இந்தத் தேரை இருந்த ஒரே இடம் அருவிச் சாரல் விழுகிற இடம்தான். தெற்கு டான்சானியாவில் உட்சுங்வா மலைகளின் விளிம்பில் கிஹான்சி என்ற ஆறு செங்குத்தான ஒரு பள்ளத்தாக்கில் அருவி அருவியாக விழுகிறது. அருவியின் அடியிலும் பக்கத்திலும் சாரல் அடிக்கிற சரிவுகள் உண்டு, அங்கே பாசியும் புல்லும் பெரணி வகைச் செடிகளும் மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். அந்தச் சாரல் மேடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் சுமார் 2 ஹெக்டேர்தான், நம் கணக்கில் ஐந்து ஏக்கர். உலகத்தில் இந்த இனத்துக்கு இருந்த மொத்தச் சொத்து அந்த ஐந்து ஏக்கர்.

தேரை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மழை விட்ட ராத்திரியில் வாசல்படி ஓரம் பொதேலென்று உட்கார்ந்திருக்கிற சொரசொரப்பான ஆசாமி. இது அந்த மாதிரி இல்லை. வளர்ந்த பெண் தேரையே அதிகபட்சம் 2.9 சென்டிமீட்டர், ஆண் 2 சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. கட்டைவிரல் நகத்தின் மேல் ஆண் தேரையை உட்காரவைத்தால் ஏறக்குறைய இடம் சரியாக இருக்கும். நிறம் மஞ்சள், பக்கவாட்டில் பழுப்புக் கோடு. வெளியே தெரிகிற செவிப்பறை கிடையாது. பெண்ணின் வயிற்றுத் தோல் மெல்லியது, ஒளி ஊடுருவும். சினையாக இருக்கும்போது கீழிருந்து பார்த்தால் உள்ளே குட்டிகள் கிடப்பது தெரியும். குட்டிகள் என்றுதான் சொல்கிறேன், முட்டை என்று சொல்லவில்லை. இது முட்டையிடாது. தலைப்பிரட்டைப் பருவமெல்லாம் தாயின் வயிற்றுக்குள்ளேயே முடிந்து, நாலு காலும் முளைத்த முழுத் தேரைகளாகத்தான் வெளியே வரும். ஒரு ஈற்றில் ஐந்திலிருந்து பதின்மூன்று வரை. பிறந்த குட்டி 5 மில்லிமீட்டர், ஒரு மிளகு அளவு, சாம்பல் பூத்த கருநிறம், மஞ்சள் பிறகுதான் ஏறும்.

இதை வைத்து "பாறையில் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான் குட்டி போடப் பழகிக்கொண்டது" என்று சிலர் கதை சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் அவ்வளவு நேரடியாகச் சொல்லிவிட முடியாது. இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றத் தேரைகளும் டான்சானியாவில்தான் இருக்கின்றன, அருவிக்குச் சம்பந்தமே இல்லாத காட்டுத் தரையில் வாழ்கிறவையும் குட்டிதான் போடுகின்றன. ஆக, குட்டி போடுகிற வழக்கம் குடும்பச் சொத்து. அது இருந்ததால் குட்டை, குளம் எதுவும் இல்லாத செங்குத்துச் சரிவில் இதனால் காலம் தள்ள முடிந்தது என்று சொன்னால் சரி.

இப்போது உங்கள் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன், ஏன் பக்கத்தில் போகவில்லை.

தேரைக்கும் தவளைக்கும் தண்ணீர் குடிக்கிற உறுப்பு வாய் இல்லை, தோல்தான். ஈரத்தின் மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்து தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். பெரிய உடம்பு என்றால் கொஞ்ச நேரம் வெயிலைத் தாங்கும், உள்ளே சேமிப்பு இருக்கிறது. இரண்டு கிராம்கூட இல்லாத உடம்பில் சேமிப்பு ஏது? அருவிச் சாரல் ராத்திரி பகல் நிற்காமல் அடிக்கிற இடத்தில் காற்றே எப்போதும் ஈரமாக இருக்கும், குளிர்ச்சியும் அதிகம் மாறாது, மழைக்காலம் கோடைக்காலம் என்ற வித்தியாசம்கூட அங்கே மங்கிப்போகும். அந்தச் சாரல் வட்டத்துக்கு வெளியே நாலு எட்டு வைத்தால் சாதாரணக் காடு. நமக்கு அதுவும் பச்சைதான், இதற்கு அது பாலைவனம். போதாக்குறைக்கு அந்தக் காட்டுத் தரையில் படை படையாக வேட்டையாடுகிற எறும்புகள் உண்டு. எப்போதும் நனைந்துகொண்டிருக்கிற சரிவில் அந்த எறும்புகள் ஏறாது. ஆக சாரல் அதற்குத் தண்ணீர்ப் பந்தல் மட்டும் இல்லை, மதில் சுவரும் அதுதான்.

சரி, அணைக்கு வருவோம். அணை என்றதும் பலரும் தேரை மூழ்கிப்போனது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது நேர்மாறு. கிஹான்சி அணை 25 மீட்டர் உயரம், பெரிய அணை என்றே சொல்ல முடியாது. அங்கே முக்கியம் அணையின் உயரம் இல்லை, மலையின் சரிவு. பள்ளத்தாக்குக்கு மேலேயே ஆற்றைப் பிடித்து, மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக ஏறக்குறைய 850 மீட்டர் கீழே இறக்கி, நிலத்தடியில் இருக்கிற மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றவிட்டு, பள்ளத்தாக்கைத் தாண்டிய பிறகு மறுபடி ஆற்றில் விடுகிறார்கள். தண்ணீர் எங்கேயும் தொலையவில்லை, கீழே விவசாயம் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. நடுவில் இருக்கிற பள்ளத்தாக்குக்கு மட்டும் தண்ணீர் இல்லை. அருவியின் நீரில் 90 சதவீதம் வரை போய்விட்டது, மிச்சமிருந்தது பாறையை ஒட்டி வழிந்தது, சிதறவில்லை. சாரல் நின்றது.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது காலக்கணக்குதான். இந்தத் தேரை அறிவியலுக்குத் தெரியவந்ததே 1996-ல், அதாவது திட்டம் முடிவாகி வேலை நடந்துகொண்டிருந்தபோது, சுற்றுச்சூழல் ஆய்வுக்காகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியவர்கள் கண்ணில் பட்டது. முறைப்படி விவரித்துப் பெயர் வைத்து வெளிவருவதற்கும் மின்நிலையம் ஓட ஆரம்பிப்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளியே இல்லை. பெயர் வந்த கையோடு 1999-2000 வாக்கில் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது வாயையே திறக்கவில்லை, பாவம். அப்போது அங்கே சுமார் 17,000-க்கு மேல் தேரைகள் இருந்ததாக மதிப்பீடு. ஐந்து ஏக்கரில் 17,000 என்றால் நெருக்கமாகத்தான் இருந்திருக்கும், கால் வைக்கிற இடமெல்லாம் இருந்தது என்று அர்த்தம்.

உடனே "மின்சாரம் வேண்டாமா, தேரைதான் முக்கியமா" என்று யாராவது கேட்பார்கள், கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். 180 மெகாவாட் என்பது அன்றைய டான்சானியாவுக்குச் சின்ன விஷயம் இல்லை, நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு, வறட்சி வந்தால் மற்ற அணைகள் படுத்துவிடுகிற ஊர் அது. ஆனால் கேள்வியை அப்படி வைப்பதே தப்பு. உலக வங்கி உட்பட வெளியிலிருந்து கடன் கொடுத்தவர்கள் இருந்த திட்டம். பள்ளத்தாக்குக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கல் நடுவதற்கு முன்னாலேயே இறங்கிப் பார்த்திருந்தால், எவ்வளவு தண்ணீரை அருவிக்கு விட்டுவைப்பது என்பது வரைபடத்திலேயே ஒரு கோடாக வந்திருக்கும். கட்டி முடித்த பிறகு கேட்டால் அது பேரம். பேரத்தில் ஒரு நகமளவு பிராணி என்ன ஜெயித்துவிடப்போகிறது?

இருந்தாலும் டான்சானிய அரசும் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அருவிக்குக் குறைந்தபட்ச நீர் விட ஏற்பாடானது, அதோடு நீங்கள் கேட்ட குழாய். ஓடையிலிருந்து தண்ணீரைப் பிடித்து, மோட்டார் எதுவும் இல்லாமல் சரிவின் விசையிலேயே இறங்கி வருகிற மாதிரி கிலோமீட்டர் கணக்கில் குழாய் இழுத்து, சாரல் மேடுகளின் மேல் நூற்றுக்கணக்கான தெளிப்பு முனைகளை நட்டு, செயற்கைச் சாரல் அடிக்கவைத்தார்கள். 2001-ல் இது ஓட ஆரம்பித்தது. அதற்குள் வாடியிருந்த மேடுகளில் களையும் காட்டுச் செடியும் ஏறியிருந்தன, தெளிப்பு ஆரம்பித்ததும் பழைய பாசியும் புல்லும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. தேரையும் திரும்பியது. 2003 ஜூனில் எண்ணியபோது எண்ணிக்கை சுமார் 20,000. பழைய கணக்கையே தொட்டுவிட்டது! அன்றைக்கு யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், குழாய் போட்டால் போதும் என்றுதான் பதில் வந்திருக்கும்.

2004 ஜனவரியில் போய்த் தேடியபோது விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் தேரைகள் கிடைத்தன.

ஆறேழு மாதம்தான். என்ன நடந்தது என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், ஏனென்றால் மூன்று காரியம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்திருக்கிறது. வறண்ட பருவத்தில் தெளிப்பு அமைப்பு பழுதாகி நின்றது. அதே காலத்தில் அணையின் அடியில் சேர்ந்திருந்த வண்டலைக் கழுவிவிட மதகைத் திறந்தார்கள், அந்த வண்டலில் மேலே மக்காச்சோளம் பயிரிடுகிற இடங்களிலிருந்து வந்து சேர்ந்த பூச்சிமருந்து கலந்திருந்தது. மூன்றாவது, செத்துக் கிடந்த தேரைகளின் தோலில் கைட்ரிட் பூஞ்சை இருந்தது.

கைட்ரிட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். உலகம் முழுக்கத் தவளை, தேரை இனங்களைக் கூண்டோடு காலி செய்திருக்கிற நோய் இது. இந்தப் பூஞ்சை தோலின் மேல்படலத்தில் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தில் குடியேறும். நமக்குத் தோலில் ஏதாவது பூஞ்சை வந்தால் அரிக்கும், களிம்பு தடவினால் போகும். ஆனால் தோலாலேயே தண்ணீர் குடித்து, தோலாலேயே உப்புச்சத்தைச் சரிக்கட்டி, பாதி மூச்சையும் தோலாலேயே விடுகிற உயிருக்குத் தோல் கெட்டால் உடம்பில் சோடியம், பொட்டாசியம் எல்லாம் தாறுமாறாகி இதயம் நின்றுவிடும். பூஞ்சையின் வித்துகள் தண்ணீரில் நீந்தும், ஈரம் இருந்தால் போதும், ஈரச் சேறு ஒட்டிய செருப்பிலும் கருவியிலும் இடம் மாறும். இங்கே ஒரு கொடுமையைக் கவனியுங்கள்: தேரைக்கு எது உயிரோ அதே ஈரம்தான் பூஞ்சைக்கும் பிடிக்கும், அதே குளிர்ச்சியும் பிடிக்கும். ஆகவே தண்ணீரை நிறுத்தி நோயை விரட்ட வழியில்லை.

என் அபிப்பிராயம் ஒன்று சொல்லவா? பூஞ்சைதான் கொன்றது, ஆனால் அது வந்தபோது அந்தக் கூட்டம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அருவி அடிக்கிற சாரலுக்கும் முனை தெளிக்கிற சாரலுக்கும் வித்தியாசம் உண்டு. அருவி விழும்போது காற்றையும் சேர்த்துத் தள்ளும், அந்தக் காற்று சாரலைப் பாறை இடுக்குவரை கொண்டுபோய்ச் சேர்க்கும், ஒரு மேடும் விட்டுப்போகாது. முனை தன்னைச் சுற்றி ஒரு வட்டம் நனைக்கும், அடுத்த முனை இன்னொரு வட்டம், நடுவில் காய்ந்த இடம் வருவது சகஜம். அருவிக்கு அடைப்பு எடுக்க ஆள் வேண்டாம், குழாய்க்கு வேண்டும். வருஷம் முழுவதும், இடைவிடாமல், யாராவது கவனித்துக்கொண்டே இருந்தால்தான் அது சாரல். ஒரு வாரம் நின்றாலே அதுவும் கோடையில் நின்றாலே என்ன ஆகும் என்பதைத்தான் 2003 காட்டியது.

இனி நல்ல செய்தி. 2000-ம் ஆண்டு முடிவில், காட்டில் நிலைமை எப்படியும் ஆகலாம் என்று 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்காவுக்கு விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக்காட்சிசாலைக்குப் போய், அங்கிருந்து வேறு சில இடங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். யாரும் இதற்கு முன் வளர்த்துப் பழகாத பிராணி. என்ன சாப்பிடும், எவ்வளவு வெளிச்சம் வேண்டும், தண்ணீரில் என்ன இருக்கக்கூடாது என்று ஒன்றும் தெரியாது. நுரையீரலில் புழு வந்தது, தொற்று வந்தது, ஒவ்வொரு இடமாகக் கைவிட்டுப்போய், கடைசியில் பிராங்ஸ், ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ என்று இரண்டே காட்சிசாலைகள் மிஞ்சின. ஒரு கட்டத்தில் இரண்டிலும் சேர்த்து 37 தேரைகள். காட்டிலும் இல்லாத நேரம் அது. அதாவது ஓர் இனத்தின் மொத்த ஜனத்தொகை ஒரு வகுப்பறைப் பிள்ளைகள் அளவு.

அங்கிருந்து மீட்டார்கள் பாருங்கள், அது சாதாரண வேலை இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பாசி, மேலே குறித்த நேரத்துக்கு நீர்த்தூவல், வடிகட்டிய தண்ணீர், எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி உண்டாக புற ஊதாக் கதிர் விளக்கு, தீனிக்குப் பழ ஈயும் மண்ணில் துள்ளுகிற நுண்பூச்சியும் அன்றைக்குத்தான் முட்டையிலிருந்து வெளிவந்த சில்வண்டுக் குஞ்சும். மிளகளவு வாய்க்கு அதைவிடச் சின்ன இரை வேண்டும் இல்லையா, தேரையை வளர்ப்பதைவிட அதன் இரையை வளர்ப்பதுதான் பாதி வேலை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டு எண்ணிக்கை ஆயிரங்களுக்குப் போனது. இதற்கு நடுவில் 2009-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் இந்த இனத்தை "காட்டில் அற்றுப்போனது" என்ற பட்டியலில் சேர்த்தது. 2010-ல் முதல் நூறு தேரைகள் தாய்நாடு திரும்பின, காட்டுக்கு இல்லை, டார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே கட்டிய வளர்ப்பகத்துக்கு. கடலோர நகரத்தின் புழுக்கத்தில் மலைத் தேரையை வைக்க வேண்டும் என்பதால் அறையைக் குளிர வைத்திருக்க வேண்டியிருந்தது.

பள்ளத்தாக்குக்கு அனுப்புவதற்கு முன் பூஞ்சைச் சோதனை. அங்கேயிருந்தே மண்ணும் செடியும், அங்கே வாழ்கிற வேறு தவளைகளும் கொண்டுவந்து, அவற்றோடு சாரல் தேரையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள், சாகவில்லை. பிறகு 2012-ல் சிறு கூட்டம் ஒன்றைக் கூண்டோடு சாரல் மேட்டில் வைத்துப் பார்த்து, அப்புறம் அந்த ஆண்டின் முடிவில் 2,500 போல விடுவித்தார்கள். காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒரு நீர்நில வாழ் இனம் தன் சொந்த இடத்துக்கே திரும்பியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் தவணை தவணையாக விட்டு வந்தார்கள். விட்டவுடன் பல்கிப் பெருகிவிடவில்லை. கூண்டில் பல தலைமுறை வளர்ந்த பிராணிக்கு எறும்பு என்றால் என்னவென்று தெரியாது, பூஞ்சையின் வித்து இன்னும் அங்கே எங்காவது இருக்கலாம், சாரலோ இன்றும் குழாயிலிருந்துதான் வருகிறது.

கடைசியாக, இந்தக் கதை கேட்கிற எல்லாரும் கேட்கிற ஒன்று: வேறு ஏதாவது அருவிக்குக் கொண்டுபோய் விட்டால் என்ன? விடலாம்தான், ஆனால் வருஷம் முழுக்கச் சாரல் அடிக்கிற, மரம் இல்லாமல் பாசியும் புல்லும் மட்டும் படர்ந்த, எறும்பு ஏறாத சரிவு வேண்டும், அது கடைச்சரக்கு மாதிரி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்த அருவிக்கும் சொந்தத் தவளைகள் இருக்கும், நாம் கொண்டுபோகிற ஈரத்தில் பூஞ்சையும் சேர்ந்து போனால் ஒன்றைக் காப்பாற்றி இன்னொன்றைத் தொலைத்த கதையாகும். தவிர கிஹான்சிப் பள்ளத்தாக்கில் இந்தத் தேரை மட்டும் இல்லை, அங்கே ஒரு காட்டுக் காப்பிச் செடிகூட உண்டு, அதற்கும் கிஹான்சி பெயர்தான், காஃபியா கிஹான்சியென்சிஸ். தேரையை மாற்றிவிட்டுக் கணக்கை முடித்துவிட்டால் அதையெல்லாம் யார் பார்ப்பது?

நேரில் பார்க்க ஆசை இருந்தால் பள்ளத்தாக்குக்குப் போகாதீர்கள், செருப்பில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. பிராங்ஸிலோ டொலீடோவிலோ வளர்க்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் காலியாக இருக்கிறது என்று நகர்ந்துவிடுவீர்கள், முதல் தடவை அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் குனிந்து, தூவல் அடித்து முடிகிறவரை நின்றால், பாசிக்கு மேல் மஞ்சளாக ஒரு துளி நகரும்.